ஐந்தாவது கன்ட்ரோலர்

ஜூன் 9, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறுதான். சோதித்துப் பார்க்காமல் ஏட்டில் ஒரு வரி எழுதிவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

எங்கள் மாலை வகுப்பு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் நடக்கிறது. ஐந்து மணி முதல் ஆறரை வரை கணினிப் பாடம். படிப்பவர்கள் எட்டுப் பேர். கணினி ஒன்றே ஒன்று. எந்த வயர் எங்கே, எந்தப் பொருள் யாரிடம் என்று ஏட்டில் குறித்து வைப்பது என் பொறுப்பு.

வகுப்பில் எனக்கு ‘ஒருவேளை’ என்று பட்டப்பெயர். யார் என்ன சொன்னாலும், “ஒருவேளை அப்படி இல்லாம இருந்தா?” என்று கேட்பேனாம். எனக்கு எதுவும் உடனே உறுதியாகத் தோன்றாது. அது என் குணம்.

கணினியில் கார் பந்தயம் ஆடக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்கள் நேற்றுவரை எங்களிடம் நான்குதான் இருந்தன. வகுப்பில் முன்பு படித்த ஓர் அண்ணன் புதிதாக நான்கு கொடுத்தார். ஆக மொத்தம் எட்டு. நான் ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதி ஒட்டினேன்.

டீச்சர் சொன்னார்: “சனிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்காரங்க எல்லாரையும் கூப்பிடலாம். சுவர்ல பெருசா கார் பந்தயம். எட்டுப் பேரும் ஒரே நேரத்துல ஆடுங்க. ஆனா ஒண்ணு. எந்தப் பொருளையாவது உடைச்சவங்க அன்னிக்கு வேடிக்கைதான் பாக்கணும். யாரா இருந்தாலும் இதே சட்டம்தான்.”

இன்று முதல்முறையாக ஐந்து பேர் ஆடிப் பார்த்தோம். நான்கு கார்கள் திரையில் வந்து நின்றன. ஐந்தாவது வரவில்லை.

ஐந்தாம் எண் கன்ட்ரோலர் வாலின் கையில் இருந்தது. வகுப்பிலேயே சின்னவன் அவன்தான். எட்டு வயது. ஓர் இடத்தில் உட்கார மாட்டான் என்பதால் வால் என்று பெயர் வந்தது. அவன் பொத்தானை அமுக்கினான். பிறகு குத்தினான். பிறகு குலுக்கினான். குலுக்கியதில் அது கை நழுவித் தரையில் விழுந்தது.

“போச்சுடா! வால் உடைச்சுட்டான்!” என்று மைக்செட் கத்தினாள். அவளுக்கும் என் வயதுதான், பதினொன்று. அவள் மெதுவாகப் பேசினால்கூடக் கீழே சைக்கிள் கடையில் கேட்கும்.

நான் ஏட்டை எடுத்தேன். “கன்ட்ரோலர் 5 – பழுது. கடைசியாகப் பிடித்தவர்: வால்” என்று எழுதினேன்.

டீச்சர் ஏட்டைப் படித்தார். வாலைப் பார்த்தார். “சட்டம் ஞாபகம் இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டார்.

வால் தலையாட்டினான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் படிக்கட்டில் நடந்து இறங்கியதை இன்றுதான் பார்த்தேன். எப்போதும் குதித்துத்தான் இறங்குவான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேனா? இல்லை. வேறு இடத்தில் சொருகிப் பார்த்தேனா? அதுவும் இல்லை. எதற்கெடுத்தாலும் ‘ஒருவேளை’ என்று கேட்கிற நான், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

நாளைய வேலை: வாலிடம் பேச வேண்டும்.

ஜூன் 10, புதன்

வால் வகுப்புக்கு வரவில்லை. வகுப்பு முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அவன் அம்மாவின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. உள்ளே தையல் இயந்திரத்தில் பாதி தைத்த சட்டை ஒன்று இருந்தது.

“வாம்மா. நேத்து வந்ததுலேருந்து வாயே தொறக்கல. என்ன ஆச்சுன்னு நீயாவது கேளு.”

“அவன் எங்க ஆன்ட்டி?”

“அவன் வீட்ல இல்லை!” என்று மேஜைக்கு அடியிலிருந்து வாலின் குரல் வந்தது.

நான் தரையில் உட்கார்ந்தேன். துணிக் குவியலுக்குப் பின்னால் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. பாதங்களோடு பேசுவது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

“வால், அதை நீ உடைச்சிருக்க மாட்டேன்னு தோணுது.”

“நான்தான் கீழ போட்டேன். எல்லாரும் பாத்தாங்க.”

“கீழ விழுறதுக்கு முன்னாடியே அது வேலை செய்யலையே?”

“அப்ப நான் குலுக்குனதுல கெட்டிருக்கும்.”

“குலுக்குறதுக்கு முன்னாடியும் வேலை செய்யலை. அதனாலதானே குலுக்குன?”

பாதங்கள் சிறிது நேரம் யோசித்தன. “ஆமா... ஆனா அதுக்கு முன்னாடி பொத்தானை ரொம்ப அமுக்கிட்டேன்க்கா.”

“நாளைக்கு நாலரை மணிக்கே போய்ச் சோதிச்சுப் பாக்கலாம். நீயும் வா.”

“கெட்டுப்போயிருந்தா?”

‘கெட்டிருக்காது’ என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு அது தெரியாதே. “கெட்டுப்போயிருந்தா அப்படியே எழுதுவேன். நல்லா இருந்தா அதையும் எழுதுவேன்” என்றேன்.

மேஜைக்கு அடியிலிருந்து மெல்ல ஒரு தலை வெளியே வந்தது. தலைமுடியில் சிவப்பு நூல் ஒட்டியிருந்தது.

“சனிக்கிழமை எங்க அம்மாவும் வர்றாங்க. எல்லாரும் ஆடுறப்ப நான் மட்டும் அவங்க பக்கத்துல உக்காந்திருந்தா, ஏன்னு கேப்பாங்கல்ல? அவங்ககிட்ட இன்னும் நான் சொல்லவே இல்லை.”

திரும்பி வரும்போது டீச்சரிடம் அறைச் சாவி கேட்டேன். டீச்சர் பகலில் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். “சாவி தர்றேன். ஆனா நான் வர அஞ்சு மணி ஆகும். எதையும் பிரிச்சுப் போட்டுடாதீங்க” என்றார்.

நாளைய வேலை: சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

ஜூன் 11, வியாழன்

நாலரைக்கு வால் வந்துவிட்டான். ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“நீயே எல்லாம் செய்யி அக்கா. நான் தொட மாட்டேன்.”

முதல் சோதனை. மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஐந்தாம் எண்ணை மட்டும் கணினியில் சொருகினேன். பொத்தானை அமுக்கினேன். திரையில் ஒரு சிவப்புக் கார் துள்ளி வந்து நின்றது.

வால் வாயைப் பிளந்தான். “வேலை செய்யுது!”

“ஒருவேளை தனியா இருந்தா மட்டும் வேலை செய்யுமோ?”

“ஐயோ அக்கா! அதான் வந்துச்சுல்ல?”

“இரு, இன்னும் முடியலை.”

இரண்டாம் சோதனை. ஐந்தாம் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அதன் பிறகு இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றைச் சொருகினேன். நான்கு கார்களும் வந்தன. எங்கள் கணினியில் கன்ட்ரோலருக்கு இருப்பவை நான்கே துளைகள். அதற்கு மேல் வேண்டுமானால் ஹப்பைத்தான் மாட்ட வேண்டும். ஹப் என்பது ஒரு துளையை நான்காக்கும் சின்னப் பெட்டி. ஒரு கன்ட்ரோலரை எடுத்து ஹப்புக்கு மாற்றி, ஒன்றாம் எண்ணை ஐந்தாவதாக அதிலேயே சொருகினேன்.

ஒன்றாம் எண் வரவில்லை. அதன் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை ஐந்தாம் எண் மின்னியதும் இப்படித்தான்.

வால் பதறிப்போனான். “அக்கா! ஒண்ணையும் உடைச்சுட்டேன்!”

“நீதான் அதைத் தொடவே இல்லையே!”

“பாத்தேன்ல?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்றை எடுத்துவிட்டு ஆறைச் சொருகினேன். ஆறும் வரவில்லை. ஏழும் வரவில்லை. பிறகு கட்டியிருந்த கையை அவிழ்த்து, வாலே எட்டாம் எண்ணைச் சொருகினான். அதுவும் மின்னிக்கொண்டே இருந்தது.

“அஞ்சாவதா எது போனாலும் வரலை அக்கா!”

“ஆமா. ஒருவேளை ஹப் கெட்டுப்போயிருந்தா?”

மூன்றாம் சோதனை. நான்கு கன்ட்ரோலர்களை ஹப்பில் மட்டும் சொருகினோம். நான்கும் வந்தன. ஹப்பும் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் எந்தக் கன்ட்ரோலரும் பழுது இல்லை. கணினி நான்கு வரைதான் எண்ணுகிறது. ஐந்தாவதாக யார் வந்தாலும், அது கண்டுகொள்வதே இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு முன் நாங்கள் ஐந்தை மாட்டிப் பார்த்ததே கிடையாது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

“அப்ப நான் உடைக்கலை” என்றான் வால், மெதுவாக. பிறகு சத்தமாக, “நான் உடைக்கவே இல்லை!” என்று மூன்று முறை குதித்தான்.

“மேல என்ன இடி விழுந்துச்சா?” என்று கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரர் கேட்டார்.

ஐந்து மணிக்கு டீச்சர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். எல்லோர் முன்னாலும் பேசுவது என்றால் எனக்கு எப்போதும் தயக்கம். ஆனாலும் எழுந்து நின்றேன்.

“நான் சோதிக்காமலே பழுதுன்னு எழுதிட்டேன். கன்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு. வால் மேல தப்பு இல்லை.”

சொன்னால் மட்டும் போதாது என்று எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்து காட்டினோம். சொருகியது வால், பொத்தானை அமுக்கியது மைக்செட்.

“அட, என் கையிலயும் வரலையே!” என்றாள் மைக்செட்.

டீச்சர் ஏட்டை என்னிடம் நீட்டினார். “நீ எழுதின வரியை நீயே அடிச்சுடு. பக்கத்தைக் கிழிக்காத. அதுக்குக் கீழயே சரியானதை எழுது.” நான் அடித்து எழுதினேன்.

“வால் ஆடலாம்” என்றார் டீச்சர். வால் துள்ளினான். “ஆனா இது நாலு பேரைத்தான் சேக்கும்னா என்ன செய்யிறது? புரொஜெக்டர் இரவல். கால் மணி நேரம்தான் நம்ம கையில இருக்கும். ஒரு பந்தயத்துக்குத்தான் நேரம். சீட்டுப் போட்டு நாலு பேரை எடுக்க வேண்டியதுதான்.”

வாலின் முகம் சுருங்கியது. “எனக்குச் சீட்டே விழாது. எங்க வீட்ல ஜன்னல் பக்கம் யார் படுக்கிறதுன்னு சீட்டுப் போட்டாக்கூட எனக்கு விழுந்ததே இல்லை.”

“டீச்சர், நாளைக்கு ஆறு மணி வரைக்கும் எங்களுக்குக் குடுங்க” என்றேன். இவ்வளவு உறுதியாக நான் பேசியது எனக்கே ஆச்சரியம்.

“எட்டையும் ஓட வச்சுடுவியா?”

“தெரியாது டீச்சர். ஆனா ஆறு மணி வரைக்கும் விட மாட்டேன்.”

வயர்களைச் சுருட்டும்போது வால் ஒரு கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்து நோண்டிக்கொண்டிருந்தான். “அக்கா, இதுக்குக் கீழ குட்டியா ஒண்ணு நகருது.”

புதிய நான்கின் அடியிலும் சின்ன விசை இருந்தது. ஒரு பக்கம் ‘எக்ஸ்’, மறுபக்கம் ‘டி’. பழைய நான்கில் அது இல்லை. எனக்குப் புதுப் பெட்டிகளில் இருந்த தாள் நினைவுக்கு வந்தது. அதைப் பத்திரமாக மடித்து அலமாரியில் வைத்தவளே நான்தான். வைத்தேனே தவிர, படிக்கவில்லை.

எறும்பு அளவு எழுத்து. ஏழாவது வரியில் இருந்தது: நான்கு பேருக்கு மேல் ஆடினால் விசையை ‘டி’ பக்கம் வைக்கவும்.

அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

நாளைய வேலை: எட்டையும் சேர்ப்பது.

ஜூன் 12, வெள்ளி

நாலரை. புதிய நான்கின் விசைகளையும் ‘டி’ பக்கம் தள்ளி, கணினியில் நேராகச் சொருகினேன். பிறகு அவற்றில் ஒன்றை ஹப் வழியாக மாற்றி, ஹப்பின் மீதித் துளைகளில் பழையவற்றைச் சொருகினோம். ஐந்தாவது கார் வந்தது! ஆறாவதும் ஏழாவதும் வந்தன. வால் என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் ஒரு பொத்தான் தெறித்தது. ஹப்பின் துளைகள் தீர்ந்துவிட்டதால், ஐந்து மணிக்கு மற்றவர்களோடு வந்த டீச்சரிடம் கேட்டு அவர் மேஜையிலிருந்த இன்னொரு ஹப்பையும் வாங்கினோம். எட்டாவதும் வந்தது.

எட்டுக் கார்கள்! ஆட்டத்தைத் தொடங்கினோம்.

பழைய நான்கின் கார்கள் முன்னே பாய்ந்தன. வாலின் காரும் மற்ற மூன்றும் பின்னால் போய்ச் சுவரில் முட்டின.

“எங்கடா போற? பந்தயம் இந்தப் பக்கம்!” என்று மைக்செட் கத்தினாள்.

“நான் முன்னாடிதான் அமுக்குறேன், அதுதான் பின்னாடி போகுது!”

விசையை மாற்றியதும் பொத்தான்களின் வேலையும் மாறிவிட்டது. ஓட்டும் பொத்தான் பின்னால் இழுத்தது. நிறுத்தும் பொத்தான் ஹாரன் அடித்தது. ஆட்டத்தின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தோம். நான்கு கன்ட்ரோலர்களுக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் ஏட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்.

மறுபடி தொடங்கினோம். இந்த முறை எட்டும் முன்னே ஓடின. முதல் வளைவில் மைக்செட் எல்லோரையும் இடித்துத் தள்ளினாள். அந்த நொடியே மூன்று கார்கள் அப்படியே நின்றுவிட்டன. மூன்று கன்ட்ரோலர்களின் விளக்குகளும் அணைந்துபோயின.

மணி ஐந்தே முக்கால்.

“போச்சு. சீட்டுதான்” என்றான் வால்.

எனக்கும் அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது. மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நின்ற மூன்றும் எவை? பழையவை. மூன்றும் எங்கே இருந்தன? முதல் ஹப்பில். எப்போது நின்றன? இடித்தபோது. இடித்தால் என்ன ஆகும்?

“மைக்செட், இடிச்சப்ப உன் கையில என்ன ஆச்சு?”

“என்ன ஆகும்? கன்ட்ரோலர் டர்ருனு நடுங்கும். அதானே ஜாலியே!”

“மூணும் சேந்து நடுங்குச்சு. ஒரே ஹப். ஒருவேளை மூணுக்கும் அந்த மின்சாரம் பத்தலையோ?”

அமைப்புப் பக்கத்தில் ‘நடுக்கம்’ என்று ஒரு வரி இருந்தது. அதை நிறுத்தினேன்.

“நடுங்காம ஆடுறதா? உப்புச் சப்பில்லாம இருக்குமே!” என்று மைக்செட் முகத்தைச் சுளித்தாள்.

“நடுக்கம் வேணும்னா எட்டுப் பேரும் ஆட முடியாது, சீட்டுதான். வாலுக்குத்தான் சீட்டே விழாதே. எது வேணும்?”

மைக்செட் வாலைப் பார்த்தாள். “சரி சரி, நானே கையை ஆட்டிக்கிறேன்” என்றாள். ஆட்டம் முழுக்க அப்படியே ஆட்டிக்கொண்டும் இருந்தாள்.

அவள் எல்லோரையும் ஐந்து முறை இடித்தாள். ஒரு விளக்கும் அணையவில்லை. பந்தயம் முடிந்தபோது ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். “சீட்டுப் போடத் தாள் கிழிச்சு வச்சிருந்தேன். வீணாப்போச்சு” என்று சொல்லிச் சிரித்தார்.

நாளைய வேலை: மூன்றரைக்கே போய் ஏட்டில் உள்ள வரிசைப்படி எட்டையும் சொருகுவது.

ஜூன் 13, சனி

பந்தயம் நடந்தது.

சுவர் முழுக்க எட்டுக் கார்கள். அறை நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். என் அம்மா பேருந்து ஓட்டுபவர். வேலைச் சீருடையோடு வந்து, “வளைவுல மெதுவா! மெதுவா!” என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் மெதுவாகவே போய் எட்டாவது வந்தேன்.

வால் மூன்றாவது வந்தான். அவன் அம்மா கை தட்டிய வேகத்தில் கழுத்திலிருந்த அளவு நாடா கீழே விழுந்தது.

அப்போதுதான் பின்னால் நின்ற ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: “இந்தப் பையன்தானே அன்னிக்கு எதையோ உடைச்சது?”

வாலுக்குக் கேட்டுவிட்டது. அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அவன் அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

நான் திரும்பினேன். எல்லோர் முன்னால் என்றாலும் பரவாயில்லை என்று பேசினேன்.

“இல்லீங்க. அவன் எதையும் உடைக்கலை. நான்தான் தப்பா எழுதிட்டேன். என்ன குறைன்னு கண்டுபிடிக்கிறதுக்கு அவன்தான் உதவி செஞ்சான்.”

“அப்படியா? எங்க மாடியில எல்லாரும் உடைச்சான்னுல்ல பேசிக்கிட்டாங்க!” என்றார் அவர். பிறகு வாலின் தோளைத் தட்டி, “நல்லா ஓட்டினப்பா” என்றார்.

வால் தன் அம்மாவிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தான். முதலில் மெதுவாகச் சொன்னான். ‘டி’ விசை வரும்போது கையை ஆட்டிக் குதித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் போன பிறகு மைக்செட்டைப் பிடித்தேன். “வால் உடைச்சான்னு யார் யாருகிட்ட சொன்ன?”

“ரொம்பப் பேர்கிட்ட எல்லாம் இல்லை...” அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை. “எங்க பக்கத்து வீடு. மாடி வீடு. அத்தை வீடு. சைக்கிள் கடைக்காரர். சலவைக் கடை. அப்புறம் தபால்காரர்.”

“தபால்காரர்கிட்ட எதுக்குச் சொன்ன?”

“அவர்தான் ‘என்ன விசேஷம்?’னு கேட்டாரு.”

நான் ஏட்டைத் திறந்து ஆறையும் வரிசையாக எழுதினேன். மைக்செட் எட்டிப் பார்த்தாள். “இவங்க எல்லார்கிட்டயும் போய் உண்மையைச் சொல்லப் போறேன்” என்றேன்.

“நானும் வர்றேன்” என்றாள்.

நாளைய வேலை: காலை ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆறு இடத்துக்கும் போய், வால் உடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். தபால்காரருக்கு ஞாயிறு விடுமுறை. அவரைத் திங்கட்கிழமை பிடிக்க வேண்டும். மற்ற ஐந்தும் நாளைக்கே.